வயலோரம் போகும் கேபிள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ‘‘எங்களுக்கு 70 சென்ட் நிலம். நெல்லும் கீரையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். நிலத்தின் ஓரமாக இன்டர்நெட் கேபிள் புதைக்க வேண்டும் என்று ஆட்கள் வந்து, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுத்தாலும் அரசு உத்தரவு வாங்கிப் போட்டுவிடுவோம் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் நிலம் கைவிட்டுப் போகுமா? அந்தக் கேபிளிலிருந்து எங்கள் ஊருக்கும் இணைப்பு கிடைக்குமா?’’

- வாசகர், பூந்தமல்லி ஒன்றியம், திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: கேபிள் போவதால் நிலம் கைவிட்டுப் போகாது. ஆனால், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டால் நஷ்ட ஈடும், பிற்காலத்தில் கிணறு வெட்டும் வசதியும் கைவிட்டுப் போகலாம். அந்தக் கேபிளிலிருந்தே ஊருக்கு இணைப்பு கிடைப்பது அரிது. ஊருக்கான கேபிள் வேறு. அது ஊராட்சி அலுவலகம் வரை ஏற்கெனவே வந்திருக்கலாம்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் இவ்வளவு கேபிள் வேலை நடக்கக் காரணம் இருக்கிறது. கடலுக்கு அடியில் வரும் வெளிநாட்டுக் கேபிள்கள் இந்தியாவில் கரையேறும் முக்கியமான ஊர்கள் மும்பையும் சென்னையும்தான். 2002-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஐ2ஐ, ஐரோப்பா வரை போகும் சீ-மீ-வீ 4, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கேபிள் எல்லாம் சென்னைக் கரையைத் தொடுபவை. கரையேறிய தகவல் போய்த் தங்கும் இடங்களில் ஒன்று அம்பத்தூர். 1960-களில் தொழிற்பேட்டையாகத் தொடங்கி, லேத் பட்டறையும் வாகன உதிரிபாகமுமாக இருந்த ஊர் அது. இன்று என்.டி.டி., எஸ்.டி.டி., கன்ட்ரோல்எஸ் நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் அங்கே இருக்கின்றன. ஒரு டேட்டா சென்டருக்கு ஒரே வழியில் கேபிள் வந்தால் போதாது. ஒன்று அறுந்தால் இன்னொன்று ஓட வேண்டும் என்பதற்காக, வெவ்வேறு சாலைகள் வழியாகக் கொண்டுவருவார்கள். பெங்களூரு நெடுஞ்சாலை பூந்தமல்லி வழியாகவும், திருவள்ளூர் சாலை அம்பத்தூர், ஆவடி வழியாகவும் போகின்றன. சாலையோரத்தில் குடிநீர்க் குழாய், மின்கேபிள், மழைநீர் வடிகால் எல்லாம் இடம்பிடித்த பிறகு, மிச்சம் இருப்பது பக்கத்துப் பட்டா நிலம்தான். அப்போதுதான் முத்திரைத்தாளோடு ஆள் வருகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது, தோண்டப்போகும் இடம் யாருடையது என்பது. பல ஊர்களில் சாலைப் புறம்போக்கின் ஓரத்தையும் சேர்த்து உழுது வருவது வழக்கம். புலப்பட நகலை எடுத்து, சந்தேகம் இருந்தால் நில அளவரை வைத்து அளந்துவிடுவது நல்லது. இடம் சாலைப் புறம்போக்கு என்றால் விவசாயியின் சம்மதம் தேவையில்லை. ஊராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ அனுமதி தர வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழித்தட உரிமை விதிகளின்படி, இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் 67 நாள்களுக்குள் பொது அமைப்புகள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு.

பட்டா நிலம் என்றால் கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்து 1885 தந்திச் சட்டத்தைக் கொங்குப் பகுதி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 கடைசியில் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது, ‘உங்கள் சம்மதம் தேவையில்லை’ என்று அதிகாரிகள் நீட்டியது அந்தச் சட்டத்தின் அதிகாரத்தைத்தான். மின்கோபுரங்களுக்கு அந்தப் பகுதி இன்றும் தொடர்கிறது. தொலைத்தொடர்புக்கு மட்டும் 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. வழித்தடம் பற்றிய பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கின்றன.

புதிய சட்டம் சொல்வது இது. தனியார் நிலத்தில் கேபிள் போடவோ டவர் நிறுத்தவோ விரும்பும் நிறுவனம், நில உரிமையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் பேசி ஒப்புக்கொண்ட தொகைக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். உரிமையாளர் மறுத்தால், பொதுநலனுக்கு அந்த வழித்தடம் அவசியம் என்று மத்திய அரசு முடிவு செய்தால் மட்டுமே, அரசோ அது நியமிக்கும் அதிகாரியோ அந்த வழித்தட உரிமையை எடுக்க முடியும். ஆக, வாசகரிடம் வந்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அப்படி ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால், ஒப்பந்தக்காரரின் ஆள் நினைத்தால் நடக்கிற காரியம் இல்லை அது. தகராறு வந்தால் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். நஷ்ட ஈட்டுத் தொகையில் தகராறு என்றால் மாவட்ட நீதிமன்றம்.

நிலத்தின் உரிமை பற்றியும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. கேபிள் போட்ட நிறுவனத்துக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. நிலத்தின் மேல் பாத்தியதை கிடையாது. அதேபோல, நிலத்துக்குள் கிடக்கும் கேபிளும் நிலத்தோடு சேர்ந்த சொத்து ஆகாது. நிலத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், கடனுக்காக வங்கி கைவைத்தாலும் கேபிள் தனியாகவே நிற்கும். கேபிள் இருப்பதைக் காட்டி நிலத்துக்குச் சொத்து வரி கூட்டவும் முடியாது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாளைக்கு நிலத்தை வாங்க வருகிறவர், ‘உள்ளே கேபிள் போகிறது, வீடு கட்ட முடியாது’ என்று விலையைக் குறைத்துக் கேட்பார். சென்னைப் புறநகரில் 70 சென்ட் என்பது சின்னச் சொத்து இல்லை. ஒரு போகம் கீரை போனதற்கான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

எனவே, ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும். எந்த சர்வே எண், எந்த உட்பிரிவு, எந்த ஓரம் என்று வரைபடத்தோடு எழுத வேண்டும். ‘நிலத்தின் எந்தப் பகுதியிலும்’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்ல வேண்டும். பாதையின் அகலம், ஆழம் இரண்டும் அளவாக வர வேண்டும். இது எவ்வளவு முக்கியம் என்பது உழுகிறவர்களுக்குத் தெரியும். பி.எஸ்.என்.எல். வேலைகளில் சாதாரண மண்ணுக்குச் சொல்லப்படும் ஆழம் 165 சென்டிமீட்டர். சட்டிக் கலப்பையோ கொக்கிக் கலப்பையோ அவ்வளவு கீழே போகாது. தென்னைக்கு எடுக்கும் 3 அடிக் குழிகூட அதற்கு மேலேயே நின்றுவிடும். ஆனால், வேகமாக முடிக்க வேண்டும் என்று 2 அடியில் புதைத்துவிட்டுப் போனால், அடுத்த பட்டத்தில் ஜே.சி.பி. வைத்து வரப்பைச் சரிசெய்யும்போது கேபிள் அறுந்து, பழி விவசாயி தலையில் விழும். குழியை மூடுவதற்கு முன்பு அளவுநாடாவை வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். செலவில்லாத சாட்சி அது.

மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் மேலே பரப்ப வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். அடிமண்ணை மேலே போட்டுவிட்டுப் போனால் அந்தப் பட்டையில் இரண்டு மூன்று போகத்துக்குப் பயிர் வெளுத்துத்தான் நிற்கும். பழுது பார்க்க வரும்போது முன்கூட்டியே தகவல் சொல்வது, ஒவ்வொரு முறை பயிர் சேதத்துக்கும் தனி நஷ்ட ஈடு, கிணறோ வீடோ வந்தால் யார் செலவில் கேபிளை மாற்றுவது, எத்தனை ஆண்டுகளுக்கு உரிமை என்பவையும் வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் பிறகு பங்காளிச் சண்டையில்தான் முடியும். நிலம் குத்தகையில் இருந்தால் பயிருக்கான தொகை உழுகிறவருக்குப் போக வேண்டும். பவர் பத்திரம் கேட்டாலோ, அசல் பத்திரத்தைக் கேட்டாலோ கொடுக்கவே கூடாது. ஒப்பந்தத்தின் தமிழ்ப் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். ‘இன்றைக்கே போட வேண்டும்’ என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

கேபிள் போன பிறகு நிலத்தில் ஆழமாகத் தோண்டும் வேலை வந்தால், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இதற்காக ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று கொண்டுவந்தது. தோண்டும் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். ஜே.சி.பி. ஓட்டுநர்களுக்கு இந்தச் செயலி பற்றிச் சொல்லி வைப்பது நல்லது. தகவல் சொல்லாமல் தோண்டி அறுத்துவிட்டால், நிறுவனம் நஷ்ட ஈடு கேட்கும்.

இந்த இடத்தில் டவர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், முன்பணம் பல லட்சம், மாத வாடகை, வீட்டில் ஒருவருக்கு வேலை’ என்று போனிலோ குறுஞ்செய்தியிலோ வந்தால், அதில் பெரும்பாலானவை மோசடி. பதிவுக் கட்டணம், வரி, தடையில்லாச் சான்று என்று ஏதாவது பெயரில் முதலில் பணம் கட்டச் சொல்வார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ முத்திரையோடு கடிதம்கூட அனுப்புவார்கள். டவர் வைப்பதற்கு டிராய் எந்தச் சான்றும் தருவதில்லை, எந்த வரியும் வாங்குவதில்லை என்று அந்த அமைப்பே பலமுறை அறிவித்திருக்கிறது. டவர் தேவைப்படும் நிறுவனம் நிலத்துக்காரருக்குப் பணம் தரும். அவரிடம் பணம் கேட்காது. இந்த ஒன்றை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் கட்டாமல் தப்பித்தவர்கள், ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் பற்றிப் புகார் பதியலாம்.

இனி, ஊருக்கு இணைப்பு கிடைக்குமா என்ற கேள்வி. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் இணைப்புக் கால்வாயைத் திருவள்ளூர் விவசாயிகள் பார்த்திருப்பார்கள். வயலோரம் தண்ணீர் ஓடும். ஆனால், நினைத்த இடத்தில் மடை வைக்க முடியாது. வயலோரம் போகும் பெரிய கேபிளும் அப்படித்தான். டேட்டா சென்டரையும் நகரங்களையும் இணைக்கப் போடப்பட்டது அது. வழியில் பிரித்துத் தர அதற்கான கருவியும், மின்சாரமும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். நூறு வீட்டு ஊருக்காகத் தனியார் நிறுவனங்கள் அந்தச் செலவைச் செய்ய யோசிக்கும்.

அப்படி யோசிக்கும் இடங்களுக்காகத்தான் அரசின் பாரத்நெட் திட்டம். 2011 அக்டோபரில் தேசிய ஃபைபர் வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, பிறகு பெயர் மாறிய திட்டம் இது. எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கம். இதற்கான பணம் வானத்திலிருந்து வரவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் கணக்கிட்ட வருமானத்தில் 5 சதவிகிதத்தைக் கிராமப்புறச் சேவைக்கான நிதிக்குக் கட்டுகின்றன. இப்போது அந்த நிதிக்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். நிறுவனங்களின் வருமானம் ரீசார்ஜ் செய்கிறவர்களிடமிருந்து வருவது. ஆகவே, ஊராட்சிக்கு வரும் இணைப்பை யாரும் இலவசமாகத் தருவதாக நினைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் (டான்ஃபிநெட்) இருக்கிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் வேகம் தருவது இலக்கு. தொடக்கமே சிக்கலாகத்தான் இருந்தது. டெண்டர் நிபந்தனைகள் சிலருக்குச் சாதகமாக இருப்பதாகப் புகார் எழுந்து, 2020 ஜூனில் அந்த டெண்டரை ரத்து செய்ய மத்திய அரசு உத்தரவிட்டது. மறுபடி டெண்டர் விட்டு வேலை தொடங்குவதற்குள் காலம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் செல்போனில் சிக்னல் தேடி மொட்டைமாடிக்கும் மரத்தடிக்கும் போன காலமும் அதுவே.

கேபிளில் 85 சதவிகிதம் மின்கம்பங்கள் வழியாகவும், மீதி தரைக்கு அடியிலும் போகிறது. ஊராட்சியில் கிராம சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ ஒரு ரேக், யு.பி.எஸ்., ரூட்டர் ஆகியவை வைக்கப்படுகின்றன. அங்கிருந்து வீடுகளுக்கு இணைப்பு தர ஓர் உள்ளூர் ஆபரேட்டர் வேண்டும். மடை ஊருக்கு வந்த பிறகும் வாய்க்கால் வெட்டாமல் கிடக்கும் இடம் இதுதான். பெட்டி வந்தும் யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடந்தால் பயன் இல்லை. இன்னொரு தொல்லை, செம்பு இருக்கும் என்று நினைத்துக் கேபிளை வெட்டிக்கொண்டு போகிறவர்கள். அதில் இருப்பது கண்ணாடி இழை. பழைய இரும்புக் கடையில் ஒரு ரூபாய்கூடத் தேறாது. ஆனால், ஊர் முழுக்க இணைப்பு போய்விடும்.

இணைப்பு என்றால் சினிமா பார்ப்பதற்கு என்று பெரியவர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் பதிய வேண்டியிருக்கிறது. பி.எம். கிசான் தொகைக்கு இ-கே.ஒய்.சி., விவசாயிகளுக்கான தனி அடையாள எண், பட்டா மாறுதல், உழவன் செயலியில் மானியப் பதிவு என்று எல்லாமே அந்த வழியில் போய்விட்டன. ஊரில் நெட் இல்லாதவர் ஒவ்வொன்றுக்கும் பூந்தமல்லிக்கோ திருவள்ளூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி அதிலேயே போகிறது.

ஆகவே, கிராம சபையில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாரத்நெட் கருவி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, ஓடுகிறதா, யு.பி.எஸ். யார் பொறுப்பு, பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இணைப்பு போயிருக்கிறதா, வீட்டுக்குத் தரும் ஆபரேட்டர் யார் என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். நிறுவனம் விண்ணப்பித்தால் 67 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு அலுவலகத்துக்குக் கெடு வைத்த விதிகள், ஊருக்கு எத்தனை நாளில் இணைப்பு தர வேண்டும் என்று எந்தக் கெடுவும் வைக்கவில்லை. அந்தக் கெடுவை ஊர்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பக்கத்துக் கேரளாவில் மாநில அரசே கே-ஃபோன் என்ற வலையமைப்பை 2023 ஜூன் 5 அன்று தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது 14,000 வீடுகள்தான். ஆனாலும், வீடு வரை கொண்டுபோவது அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பெரிய நிறுவனங்கள் வர மறுத்த கிராமங்களில், விவசாயிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 2011-ல் ‘பார்ன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் களஞ்சியத்தைக் குறிக்கும் சொல்லும் அப்படித்தான் ஒலிக்கும். தங்கள் வயல் வழியாகக் கேபிள் போக இலவசமாக இடம் விட்டார்கள். குழியையும் பல இடங்களில் தாங்களே வெட்டினார்கள். லண்டன்வாசிகள் பலருக்குக் கிடைக்காத வேகம் அந்த ஆட்டுப்பட்டிக் கிராமங்களுக்குக் கிடைத்தது. வாசகரும் பக்கத்து நிலத்துக்காரர்களும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடாமல் ஒன்றாக உட்கார்ந்து பேசினால், தொகையோடு சேர்த்து ‘ஊர்ப் பள்ளிக்கு ஓர் இணைப்பு’ என்று நிபந்தனை வைக்கலாம். தொகை இருவரும் பேசி ஒப்புக்கொள்வது என்று சட்டமே சொல்லும்போது, இதைக் கேட்பதில் தவறில்லை.

ஏற்கெனவே இணைப்பு வாங்கி, பணமும் கட்டி, வேகம் வராமல் தவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியிலிருந்து விநாடிக்கு 2 எம்.பி.க்குக் குறைவான வேகத்தை பிராட்பேண்ட் என்று சொல்லக் கூடாது. முதலில் நிறுவனத்தின் 198 எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு சரியில்லை என்றால், 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் தனி நபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருப்பது வீண். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வெகுகாலம் வாதாடி வந்தன. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, ரசீது, புகார் எண், வேகத்தைக் காட்டும் செல்போன் படங்கள் மூன்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு, திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் இல்லாமல் தாமே மனு கொடுக்கவும் அங்கே இடமிருக்கிறது.